பேச்சு ஏறிய மலை

— பெத்த பொண்ணு வலியில கெடக்கறப்ப நீங்க மலையேறிப் போய்ட்டீங்கன்னு எங்கூருல பேசிக்கறாங்க. வந்ததும் வராததுமா இதையக் கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. நெசமுங்களா?

— நெசந்தான். கொழிஞ்சாம்பாறை வரைக்குமா அந்தப் பேச்சு வந்திருக்கு?

— எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஏலக்கா வாங்க இந்தப் பக்கம் வந்துட்டுப் போறவருங்க. அவருதான் சொன்னாரு. 'உங்க பையன் சின்னையன் கட்டிக்கிட்டானே பூமாரின்னு ஒரு பொண்ணு, அது பேறுகாலத்துல உசுருக்குப் போராடிக்கிட்டு இருந்துச்சாமா, அவங்கம்மா சின்னத்தாயி என்னத்தையோ தலையில தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போய்ட்டாங்களாமா'ன்னு. கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறலீங்க.

— முதல்ல உள்ள வந்து உக்காருங்க சம்பந்தியம்மா. பஸ்ஸுல வந்த அலுப்பு மொகத்துலயே தெரியுது. பூமாரியும் புள்ளையும் எஸ்டேட்டு மேல் டிவிசன்ல இருக்காக, மத்தியானச் சோத்துக்கு வந்துருவாக. உங்க மகன் பீர்மேட்டுக்குப் போயிருக்காரு, நாளைக்குத்தான் வருவாரு.

— இப்புடி வாசப்படியிலயே இருக்கறனுங்க. கல்யாணத்துக்கு வரல, கொழந்த பொறந்து இத்தன நாளு எட்டிப் பாக்கல. இப்ப வந்து நடுஊட்டுல உக்காரக் கூச்சமா இருக்குது.

— உங்க வீட்டுக்காரரு சாதி பாத்து வேண்டாம்னாரு. நீங்க அவரு பேச்சை மீற முடியாம இருந்தீக. அது இந்த லயத்து வீடுகள்ல எல்லாத்துக்கும் தெரியும், ஒளிக்க ஒண்ணும் இல்லை. ஆனா எங்களப் பத்தி அரைகுறையாக் கேட்டுட்டுப் போகக்கூடாது. முழுசாக் கேளுங்க. அன்னைக்கு நான் தலையில தூக்கிட்டுப் போனது பேட்டரி.

— பேட்டரின்னா, டார்ச்சு லைட்டுக்குப் போடறதுங்களா?

— லாரிக்குப் போடுறது. உள்ள ஆசிட்டு ஊத்தினது. தலையில வச்சா கழுத்து நெஞ்சுக்குள்ள எறங்குற மாதிரி இருக்கும்.

— அதையத் தூக்கிக்கிட்டு மலைக்கு எதுக்குங்க?

— அதுக்கு உங்க மகன்தான் காரணம். இடுக்கி அணை வேலையில ஒயர்லெஸ் கத்துக்கிட்டவரு, அது முடியவும் எங்க தேயிலைக் கம்பெனிக்கு மெக்கானிக்கா வந்தாருல்ல. அப்ப இங்க வெறும் போன் கம்பிதான். ஆடிக் காத்துல ஒரு மரம் கம்பி மேல விழுந்தா எல்லா டிவிசனும் ஊமையாயிரும். அதுக்கு முன்னாடியே ஒரு ஒயர்லெஸ் பெட்டி வாங்கி ஆப்பீசுல வச்சிருந்தாக. ரெண்டு ஆம்பளை சேந்து தூக்கணும், அம்புட்டுக் கனம். அம்புட்டுக் கனமா இருந்தும் நடுவுல ஒரு மலை நின்னா பேசாது. இங்க எங்க பாத்தாலும் மலைதானே.

— ஆமாங்க, வாற வழியெல்லாம் பாத்தன்.

— உங்க மகன் தொரைகிட்டப் போய்ச் சொல்லியிருக்காரு. பெட்டியை இன்னும் பெருசா வாங்கிப் பிரயோசனம் இல்லை, இருக்கிறதுல ஒசந்த உச்சியில ஒரு கம்பம் நட்டு அதுக்கடியில ஒரு பெட்டியை வைங்க, கீழ யாரு பேசினாலும் அது வாங்கி எல்லாப் பக்கமும் திருப்பி வீசும்னு. நட்டாக. நட்டதுக்கப்புறம் வந்த பெட்டிகளைப் பாருங்க, தோள்ல மாட்டிட்டு நடக்கலாம். கொழுந்துக் கூடையை விட லேசு.

— அதெப்புடிங்க, மேல கம்பம் நட்டா கையில இருக்கற பொட்டி சிறுசாகும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். 'அத்தே, மேல இருக்கிறது பாரத்தை வாங்கிக்கிச்சுன்னா கையில இருக்கிறது எளைச்சுக்கலாம். கம்பம் பெருகப் பெருக, வெரசாப் பேச வழி கெடைக்கக் கெடைக்க, பெட்டி இன்னும் சிறுக்கும். ஒரு காலத்துல சட்டைப் பையில போட்டுட்டுப் போவாங்க'ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். எங்களுக்கு ஏது சட்டைப் பை, நாங்க முந்தானையில முடிஞ்சுக்கிறோம்னேன்.

— அவன் அப்புடித்தானுங்க. சின்னப் பையனா இருக்கறப்பவே ரேடியோப் பொட்டியக் கழட்டிப் போட்டு அவங்கப்பாகிட்ட ஒதை வாங்குவான்.

— மேல இருக்கிறது பாரத்தை வாங்குதுன்னு அவரு சொல்லிட்டாரு. அந்த மேல இருக்கிறதுக்குத் தீனி போடணும்ல? உச்சியில ஏது கரண்டு? ஃபேக்டரியில பேட்டரிக்குச் சார்ஜு ஏத்தி, வாரா வாரம் கொண்டுபோய் மாத்தணும். ஜீப்பு பாதி வழிதான் போகும், அதுக்கு மேல ஒத்தையடிப் பாதை. வேலை மேற்பாக்குற கண்டக்டரு எங்க கூட்டத்தைக் கூப்பிட்டு, தலைச்சுமை யாருக்கு நல்லாப் பழக்கம்னு கேட்டாரு. நானும் கூட வேலை பாக்குற சாந்தம்மாளும் போறோம்னு சொன்னோம். இங்க பாருங்க, இந்தத் தோள்ல தழும்பு. ஆசிட்டு ஒழுகி ரவிக்கையோட வெந்துருச்சு.

— ஐயோ. அதுக்கப்புறமும் சொமந்தீங்களா?

— சொமந்தேன். எனக்கு அதுல ஒரு மெதப்பு சம்பந்தியம்மா, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். சித்திரபுரத்துல இருந்து சின்னக்கானல் வரைக்கும் எத்தனை மலை, எத்தனை பள்ளத்தாக்கு. அம்புட்டு எடத்துக்கும் போற பேச்சு எங்க தலையில ஏறித்தான் போகுதுன்னு நெனைப்பேன். ஆனா ஒரு வார்த்தை நாங்க பேசினதில்லை. பெட்டியைத் தொடக்கூடாதுன்னு சட்டம். ஆப்பீசு கிளார்க்கு பேசுவாரு, தொரை பேசுவாரு. லாரி வந்துச்சா, கொழுந்து எத்தனை கிலோ, அம்புட்டுத்தான் பேச்சு.

— செரி, அந்த நாளுக்கு வாங்க. எனக்கு அதையக் கேக்கோணும்.

— அன்னைக்கு விடிஞ்சதுல இருந்தே மழை. அதுக்கு முந்தின வாரமும் விடாம மழை, பாதையில கால் வைக்க முடியாம பேட்டரி மாத்தப் போகலை. பூமாரி மேல் டிவிசன் புள்ளைக்காம்பராவுல ஆயா வேலை பாத்துட்டு இருந்தா. கொழுந்தெடுக்கப் போற தாய்க தங்களோட புள்ளைகளை விட்டுட்டுப் போற எடம் அது. நாள் இருக்குன்னு அவ வேலைக்குப் போயிட்டா, போன எடத்துல வலி கண்டுருச்சு. கூட இருந்தது கத்தரீனாள், அவளும் ஆயாதான். மேல இருக்கிற சின்ன மருந்து ஆப்பீசுல கம்பவுண்டரு ஆசீர்வாதம். அவுக ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போய் மருந்து ஆப்பீசுலயே படுக்க வச்சுட்டாக.

— டாக்டரு இல்லீங்களா?

— டாக்டரு கீழ பெரிய ஆஸ்பத்திரியில. நடுவுல ரோடு. அந்த ரோட்டுலதான் மலை சரிஞ்சு எறங்கிருச்சு. உருள்பொட்டல்னு மலையாளத்துல சொல்வாக. பாலத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிருச்சு. போன் கம்பியும் போச்சு. ஒயர்லெஸ் மட்டுந்தான் பேசுது, மருந்து ஆப்பீசுலயும் ஒரு பெட்டி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் பக்கத்துல பெட்டியைப் பிடிச்சுட்டு நின்னது யாருன்னு நெனைக்கிறீக?

— எம்பட பையனுங்களா?

— அவரேதான். பெட்டியைச் சரிபாக்கப் போனவரு ரோடு அடைச்சு அங்கயே மாட்டிக்கிட்டாரு. சொந்தப் பெஞ்சாதிக்கு என்ன நடக்குதுன்னு கேட்டுட்டே நிக்கிறாரு, வர வழியில்லை. புள்ளை காலை முன்னால நீட்டி வருதுன்னு ஆசீர்வாதம் சொல்லியிருக்காரு. அவரு காய்ச்சலுக்கு மருந்து குடுத்த ஆளு, இது அவருக்குப் பழக்கமில்லை. டாக்டரு அங்க இருந்து ஒண்ணொண்ணாச் சொல்றாரு.

— நீங்க அப்ப எங்க இருந்தீங்க?

— நான் இங்க, ஃபேக்டரியில. எலை அரிச்சுட்டு இருந்தேன். எல்லாப் பெட்டியிலயும் எல்லாரு பேச்சும் கேக்கும்ல, ஃபேக்டரி ஆப்பீசுப் பெட்டியிலயும் கேட்டுருக்கு. கிளார்க்கு ஓடி வந்து சொன்னாரு. போட்டது போட்டபடி மேல் டிவிசனுக்கு ஓடுறதுக்குக் கெளம்பிட்டேன். சரிவைச் சுத்தி காட்டு வழியாப் போனா நடந்து போயிரலாம். அப்ப கிளார்க்கு திரும்பக் கூப்பிட்டாரு. பெட்டியில உங்க மகன் பேசுறாரு. பேச்சு தேஞ்சுட்டே வருது, உச்சியில பேட்டரி சாகப் போகுது, மத்தியானம் தாண்டாதுன்னு. ஃபேக்டரியில யாராச்சும் இருக்காங்களா, மேல கொண்டுபோக முடியுமான்னு.

— ஆம்பளைங்க ஒருத்தரும் இல்லீங்களா?

— எல்லாம் பாலத்துக்கிட்டப் போயிட்டாக. அங்க மண்ணுக்குள்ள ஒரு ஜீப்பு மாட்டிருச்சு. இருந்தாலும் அந்தப் பாதை எங்க ரெண்டு பேரு காலுக்குத்தான் தெரியும். கிளார்க்கு, சின்னத்தாய் இங்கதான் நிக்கிறான்னு சொல்லிட்டாரு. அப்புறம் உங்க மகன் சொன்னாரு. 'அத்தே, நீங்க போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பூமாரி உங்களத்தான் கேக்குறா.' அம்புட்டுத்தான். அந்தப் பெட்டி மொத மொதலா என்னைக் கூப்பிட்டுப் பேசினது அது.

— என்ன பண்ணுனீங்க?

— ஃபேக்டரிக்கு மேல பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் போனா எம்மக. வலது பக்கம் போனா உச்சி. சாந்தம்மா, 'நீ புள்ளைகிட்டப் போ, நான் வேற ஆளை வச்சுத் தூக்கிட்டுப் போறேன்'னு சொன்னா. அந்த மழையில வேற யாரு வருவா? அந்தப் பிரிவுல நின்னேன் சம்பந்தியம்மா. நான் போனா அவ கையைப் பிடிச்சுக்கலாம், நெத்தியைத் தொடைச்சு விடலாம், தைரியம் சொல்லலாம். கால் முன்னால வர்ற புள்ளையை வெளிய எடுக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு பேச்சு உச்சி வழியாத்தான் அவகிட்டப் போகணும். வலது பக்கம் திரும்பிட்டேன்.

— உச்சிக்குங்களா?

— இப்படித்தான் காட்டுக்குள்ள போனேன்.

— சொல்லுங்க. நிறுத்தாதீங்க.

— போற வழியைச் சொல்லிட்டே இருந்தா பொழுது போயிரும். அட்டை, வழுக்கல், காத்து. ஒரு எடத்துல நின்னா ஆளைத் தூக்கிரும்னு பேட்டரியை மடியில அணைச்சுட்டு உக்காந்து உக்காந்து நகந்தோம். உச்சியில கம்பத்துக்கு அடியில ஒரு தகரக் கொட்டாய். உள்ள பெட்டி. அதுல செகப்பா ஒரு சின்ன வெளக்கு உண்டு, யாராச்சும் பேசினா எரியும், பேச்சு நின்னா அணையும். நாங்க போறப்ப அது எரியவே இல்லை. பழைய பேட்டரியைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டினோம். கை விறைச்சுப் போய் முறுக்க முடியலை, சாந்தம்மா பல்லால கடிச்சு முறுக்கினா. அப்புறம் வெளக்கு எரிஞ்சது.

— பேச்சு கேட்டுச்சுங்களா?

— அங்கதான் கேக்காது. பேச்சு அந்தப் பெட்டிக்குள்ள வந்து வெளிய போகுமே தவிர, பக்கத்துல உக்காந்திருக்கிறவ காதுல ஒண்ணும் விழாது. வெளக்கு மட்டும் எரியும், அணையும். அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தோம். டாக்டரு சுருக்கமாப் பேசுவாரு, ஆசீர்வாதம் இழுத்து இழுத்துப் பேசுவாரு. அதனால சட்டுனு எரிஞ்சு அணைஞ்சா டாக்டரு, நின்னு எரிஞ்சா ஆசீர்வாதம்னு நாங்களா வச்சுக்கிட்டோம். ஒரு கட்டத்துல வெறும் சட்டு சட்டுனு எரிஞ்சுட்டே இருந்துச்சு. டாக்டரு அப்ப ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். 'இழுக்காதே'ன்னு. இழுத்துருந்தா புள்ளை போயிருக்கும். தானா எறங்க விட்டு, கழுத்து தெரிஞ்சதும் மேல தூக்கச் சொல்லியிருக்காரு. கத்தரீனா கையிலதான் வந்துருக்கான்.

— சாமி.

— அதெல்லாம் பெறகு தெரிஞ்சது. அப்ப எனக்குத் தெரிஞ்சது வெளக்கு மட்டுந்தான். அது ஒரு தடவை அணைஞ்சு, எரியவே இல்லை. பேட்டரி விட்டுருச்சோன்னு தொட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. யாரும் பேசலை. ஏன் பேசலை? பேச ஒண்ணும் இல்லையா? சாந்தம்மா எம்மொகத்தைப் பாக்காம வெளிய பாத்துட்டு இருந்தா. அப்புறம் எரிஞ்சது. எரிஞ்சது அணையலை. மனுசன் எவனும் அம்புட்டு நேரம் மூச்சு விடாமப் பேச முடியாது. யாரோ பெட்டி மேல விழுந்து அழுகுறாக, கை பட்டு அமுங்கியிருக்குன்னு நெனைச்சேன். எம்மக போயிட்டான்னு முடிவே பண்ணிட்டேன்.

— என்ன ஆச்சுங்க?

— ஆசீர்வாதம் பெட்டியை அமுக்கி உங்க பேரன் வாய்கிட்டப் பிடிச்சிருக்காரு. அவன் அழுகிறான், இவரு சந்தோசத்துல கையை எடுக்க மறந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கேட்டுச்சு, ஃபேக்டரியில கேட்டுச்சு, தொரை பங்களாவுல கேட்டுச்சு, பாலத்துக்கிட்ட ஜீப்பைத் தோண்டிட்டு இருந்தவுக தோள்ல மாட்டுற பெட்டியில கேட்டு மண்வெட்டியைப் போட்டுட்டு நின்னாகளாம். இந்த மலை முழுக்கக் கேட்டுச்சு. கேக்காதவுக நானும் சாந்தம்மாளுந்தான்.

— கொஞ்சம் இருங்க. கண்ணத் தொடைச்சுக்கறன்.

— தொடைச்சுக்கோங்க. நானும் பாதி வழி எறங்கி வந்துதான் அழுதேன். எதுக்க ஒரு ஆளு மழையில ஓடி வந்து, உனக்குப் பேரன்னு சொன்னான்.

— எம்பட பையன் அழுதானுங்களா?

— டாக்டரு சொன்னதைச் சொல்றேன். புள்ளை அழுகுற சத்தம் வர்ற வரைக்கும் ஆடாம அசையாம பெட்டியைப் பிடிச்சுட்டு நின்னாராம். வந்ததும் பெட்டியை டாக்டரு கையில குடுத்துட்டு வெளிய போய் மழையில நின்னாராம். டாக்டரு கூப்பிட்டும் உள்ள வரலையாம்.

— பூமாரிக்கு உங்க மேல வருத்தம் இல்லீங்களா? வலியில அம்மாளக் கேட்டுருக்குது, அம்மா வரலை.

— கேட்டிருக்கா. ஒவ்வொரு தடவை டாக்டரு பேச்சு வர்றப்பவும் கத்தரீனா சொல்லியிருக்கா, 'கேளு புள்ள, உங்கம்மாதான் மேல நின்னு அனுப்புறா'ன்னு. அன்னைக்குச் சாயந்திரம் நான் போய் நின்னப்ப எம்மக ஒண்ணுதான் சொன்னா. 'நீ கூடத்தானம்மா இருந்தே'ன்னா.

— எங்கூருல இத ஆருமே சொல்லலீங்க.

— சொல்ல மாட்டாக. காட்டுக்குள்ள போனான்னு சொல்றதுதான் சொல்றதுக்கு நல்லாருக்கும். இன்னும் இருக்கு, கேளுங்க. அந்த மழை விட்டதும் நாங்க பொம்பளைக எல்லாம் ஆப்பீசுக்குப் போனோம். ஒரு பெட்டியைப் புள்ளைக்காம்பராவுல வைக்கணும், எங்கள்ல ஒருத்தி பேசணும்னு கேட்டோம். தொரை ஒத்துக்கலை. கூலியாளுக வம்பு பேசுறதுக்கா கம்பம் நட்டேன்னு கேட்டாரு. அப்ப பேட்டரியை நீங்களே சொமந்துக்கோங்கன்னு சொல்லிட்டு, பாதை பிரியுற எடத்துல எறக்கி வச்சுட்டு வந்துட்டோம். ஆம்பளைகளும் தொடலை. ரெண்டு மூணு நாள்ல தொரை பங்களாப் பெட்டி ஊமையாயிருச்சு. டாக்டரும் எங்க பக்கம் பேசினாரு. தொரை எறங்கி வந்தாரு.

— அப்ப பொட்டி வந்துருச்சுங்களா?

— வந்துச்சு. பேசுறது உங்க மருமக. இப்பவும் அதுக்குத்தான் போயிருக்கா, புள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு. ஆனை நிக்குது, அந்தத் தேயிலைக் காட்டுக்குக் கொழுந்தெடுக்க வராதீகன்னு சொல்லுவா. காய்ச்சக்காரப் புள்ளைக்கு என்ன குடுக்கணும்னு டாக்டரைக் கேப்பா. சின்னக்கானல்ல ஒருத்தி சாகக் கெடந்தா, இங்க இருக்கிற அவ தங்கச்சிக்கு மூச்சு இருக்கும்போதே சேதி சொல்லி, போய்ப் பாக்க வச்சா. தொரை லாரிக்காக நட்ட கம்பம் அது. இதுக்கெல்லாம் ஆகும்னு அவருக்கும் தெரியாது, நட்ட உங்க மகனுக்கும் தெரியாது. இப்ப பீர்மேட்டு எஸ்டேட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போய், எங்களுக்கும் அப்படியே வேணும், புள்ளைக்காம்பராவுல ஒரு பெட்டியோடன்னு கேட்டிருக்காக. அதுக்குத்தான் உங்க மகன் போயிருக்காரு.

— சின்னத்தாயீங்க, நானும் ஒரு சேதி கொண்டாந்துருக்கறன்.

— சொல்லுங்க.

— எங்கூட்டுக்காரரு சொல்லியுட்டது. சின்னையனும் கொழந்தையும் மட்டும் வந்தாச் சேத்துக்கலாம், தென்னந்தோப்பு அவம்பேருக்கேன்னாரு. பூமாரி உங்ககூடவே இருந்துக்கட்டுமாமா. அதுகிட்டப் பக்குவமாப் பேசி ஒத்துக்க வெச்சு, கொழந்தையக் கையோட தூக்கிட்டு வாடி வள்ளியாத்தான்னு என்னைய அனுப்பிச்சாரு.

— இம்புட்டு நேரமும் அதை மனசுல வச்சுட்டா கேட்டுட்டு இருந்தீக?

— ஆமாங்க.

— சரி. அதோ பூமாரி வர்றா, இடுப்புல புள்ளை. அவகிட்டயே சொல்லுங்க. நான் குறுக்க விழ மாட்டேன், அவ பதில் சொல்லுவா.

— அவகிட்ட ஒண்ணும் சொல்லறதுக்கு இல்லீங்க. கீழ போற ஆளு ஆராச்சும் இருந்தா எங்கூட்டுக்குச் சொல்லியுடுங்க. சின்னையன் வரல, கொழந்த வரல, வள்ளியாத்தாளும் வரல. எங்களப் பாக்கோணும்னா அவரு மலையேறி வரட்டும்.